மந்திரிக்காத மண்

சந்தைக்குப் பின்னால், அழுகின காய்கறியைக் கொட்டும் சந்தில் இருந்தது எங்கள் கிறிஸ்தவக் கோயில். கோயில் என்றதும் கோபுரத்தைத் தேட வேண்டாம். நாலு சுவர், ஓட்டுக்கூரை, ஒரு மணி, அவ்வளவுதான். பங்கு மக்களும் பிழைப்புத் தேடி வந்து ஒண்டியவர்கள். குளச்சலில் இருந்து வந்து மீன் சுமந்து விற்கும் பெண்கள், என் வீட்டுக்காரரைப் போல மாட்டுவண்டி ஓட்டுகிறவர்கள், தெருக் கூட்டுகிறவர்கள். நடுநடுவே இந்து வீடுகள், முஸ்லிம் வீடுகள். எல்லாருக்கும் ஒரே கிணறு, அதனால் தினமும் சண்டை. அந்தக் கிணற்றடியில் என் வாய்க்குப் பயப்படாதவர்கள் குறைவு. வாய் திறக்க வேண்டிய நேரத்தில் மட்டும் நான் திறக்கவில்லை.

சந்தில் எல்லா வீட்டுப் பிரசவத்துக்கும் ஒரே மருத்துவச்சி. நெற்றியில் நாமம் போடும் அய்யாவழிக்காரி, எல்லாருக்கும் அக்கா. ஞானஸ்நானம் பெறாமல் இறந்த பிள்ளையை அப்போதெல்லாம் கல்லறைத் தோட்டத்துக்குள் விடமாட்டார்கள். சுவருக்கு வெளியே, சாமியார் ஜெபம் சொல்லி மந்திரிக்காத மண்ணில்தான் குழி. ஆனால் பிள்ளை சாகக் கிடந்தால், சாமியாருக்குக் காத்திராமல் யார் வேண்டுமானாலும் தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம். அதனால் பங்குச் சாமியார் அக்காவைக் கூப்பிட்டு, "பிதா, சுதன், இஸ்பிரீத்து சாந்து" என்று சொல்லிக்கொடுத்திருந்தார். "போற உசிருக்கு ஒரு கை தண்ணிதானே சாமி, ஊத்துகேன்" என்றாளாம். அப்படி மூன்று நாலு பிள்ளைகளைச் சுவருக்கு உள்ளே சேர்த்திருந்தாள்.

வெள்ளைக்காரன் போய் இரண்டு மூன்று வருஷம் இருக்கும். எனக்குத் தலைப்பிரசவம். நல்ல உச்சிவேளை. ஆண்பிள்ளை. அழவில்லை, நீலம் பாரித்துக் கிடந்தான். அக்கா அவனைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டினாள், வாயோடு வாய் வைத்து ஊதினாள். குட்டி நெஞ்சு லேசாக ஏறி இறங்கியது. கொஞ்ச நேரம் போனதும் அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தண்ணீர்ச் செம்பை எடுக்கக் கையை நீட்டினாள்.

அவள் செம்பைத் தொட்டால் பிள்ளை போய்விடுவான். எனக்கு அது ஒன்றுதான் தெரிந்தது. "தண்ணிய எடுக்காதீங்க! ஊதுங்கக்கா, ஊதுங்க!" என்று கத்தி அவள் கையைத் தட்டிவிட்டேன். செம்பு உருண்டு தண்ணீர் முழுக்கத் தரையில் போயிற்று. வெளியே நின்றவர்கள் பிரசவ அலறல் என்றே நினைத்திருப்பார்கள். அவள் மறுபடி ஊதினாள். வேர்வையில் நாமம் கரைந்து மூக்கில் வழிய வழிய ஊதினாள். பிள்ளை எப்போது போனான் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது.

சாமியார் வந்து வாசலில் நின்றார்.

"தண்ணி ஊத்தினியா?"

"இல்ல சாமி."

"ஒரு துளியாவது? உசிரு இருக்கும்போது?"

நல்ல மனுஷர். ஆமாம் என்று சொல்லமாட்டாளா என்று ஏங்கியது குரலிலேயே தெரிந்தது. நானும் ஏங்கினேன். ஒரு பொய்தானே, சொல்லித் தொலைத்தால் என்ன என்று அவள்மேல் ஆத்திரம் வந்தது.

"இல்ல சாமி. பிழைச்சிருவான்னு நெனச்சு ஊதிக்கிட்டே இருந்துட்டேன். எனக்க தப்புதான்."

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. நான் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் பிள்ளையைத் துண்டில் சுற்றி எடுத்துப் போய், கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே, முள்ளுக்குள் குழி தோண்டினார். திரும்பி வந்து அக்காவின் வாசலில் நின்று வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினார். அதன்பிறகு எங்கள் வேதக்கார வீடுகள் அவளைக் கூப்பிடவில்லை. "நாமக்காரிதானே, வேணும்னுதான் ஊத்தல்ல" என்று கிணற்றடியில் பேசினார்கள். நான் தண்ணீர் இறைத்துக்கொண்டே கேட்டேன். புருஷன் அடிப்பார் என்ற பயம் எல்லாம் எனக்கு இல்லை. என் பிள்ளையை முள்ளுக்குள் கிடத்தியது என் கைதான் என்பதை என் காதாலேயே கேட்க வேண்டி வருமே, அதற்குத்தான் பயந்தேன். வெட்கங்கெட்டவள் நான்.

ஒரு வருஷம் கழித்து அவள் சந்து வீட்டைக் காலி செய்துவிட்டு, கொட்டாரம் ஊரில் இருக்கும் தம்பி வீட்டுக்குக் கிளம்பினாள். எனக்கு அப்போது மறுபடி ஏழு மாசம். போகிற வழியில் என் வாசலில் மூட்டையை இறக்கிவைத்தாள்.

"மக்கா, இந்தத் தடவ ஆசுபத்திரிக்குப் போயிரு. வீட்டுல வேண்டாம்."

உள்ளே வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "யாருட்டி அங்க?" என்றார்.

அக்கா என் முகத்தைப் பார்த்தாள்.

"யாரோ வழி கேக்காவ" என்றேன்.

அது அவள் காதில் நன்றாக விழுந்தது. மூட்டையைத் தானே தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். நான் கை கொடுக்கவில்லை.