அமைதிப்படைக்கு ஒரு மெழுகுதிரி

வயதானவர்களைப் பார்க்கிற வேலையில் தூக்குவதும் குளிப்பாட்டுவதும் ஒரு மாதத்தில் பழகிவிடும். அவர்களுடைய ஆசைகளைத் தூக்குவதுதான் பழகாது. இத்தாலிக்கு வந்து பலேர்மோவில் இதே வேலையில் முதுகொடிகிற உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

கால் கழுவும்போது

போர்கோ வெக்கியோப் பகுதியில் நான் பராமரித்த சிஞ்ஞோரா அம்மாவுக்கு எண்பத்தேழு வயது. ஒரே மகன் ரெனாத்தோ. சைப்ரஸ் தீவை இரண்டாகப் பிரிக்கிற கோட்டில் நிற்கும் ஐ.நா. அமைதிப்படைக்கு மின்சார வேலை செய்கிறவன். ஒவ்வொரு தை மாதமும் படையின் தவணையை நீட்டுவார்கள்; இவன் வேலையும் நீளும். லீவில் நாலு நாள் வந்து நிற்பான். படை கலைந்தால்தான் ஊரோடு வருவேன் என்பான்.

சாவதற்குள் மகன் பக்கத்தில் இருக்கவேண்டும், கிழவிக்கு வேறு ஆசையே இல்லை. ஒருநாள் கால் கழுவிவிடும்போது கேட்டார்:

"அங்கை சண்டை நிண்டு எத்தினை வருசம்! பிறகேன் என்ர பிள்ளையைப் பிடிச்சு வைச்சிருக்கினம்?"

பல்லரோச் சந்தையில்

அந்த வருசம் படையின் தவணையை நீட்டக்கூடாதென்று சிஞ்ஞோரா என்னை மலையில் சாந்தா ரொசாலியாவுக்கு மெழுகுதிரி கொளுத்தி வரச் சொன்னார். சைவக்காரர் நாங்களும் ஞாயிறுகளில் அந்தப் புனிதையிடம் ஏறுகிறவர்கள்தானே. ஆனால் எனக்கு நெஞ்சு இடித்தது. வன்னியில் போர் நெருங்கி வெளிநாட்டு உதவிக்காரர் வாகனமேறியபோது, "போகாதேங்கோ" என்று அவர்கள் வாசலில் கத்திய சனத்தில் நானும் ஒருத்தி. அவர்கள் போன பிறகு எங்கள் தலையில் விழுந்ததை இங்கே எழுதப்போவதில்லை.

சந்தையில் மீன் வாங்கும்போது சிநேகிதி புஷ்பத்திடம் இதைச் சொன்னேன். அவளுக்கும் இதே வேலைதான். யாழ்ப்பாணத்தில் இந்திய அமைதிப்படைக் காலத்தில் தமையனைப் பறிகொடுத்தவள். மீனை விட்டுக் கையெடுக்காமலே சொன்னாள்:

"எங்கட ஊருக்கு வந்த படை போகவேணுமெண்டு நான் நேர்த்தி வைச்சனான். நீ மனுசி சொன்னதைச் செய்."

மலையில்

ஏறினேன். கொளுத்தினேன். வாய் மட்டும் மறுத்துவிட்டது. "படை அந்தச் சனத்தை விட்டுட்டுப் போகவேண்டாம்" என்றுதான் கேட்டேன். இறங்கி வந்து சிஞ்ஞோராவிடம், "நீங்கள் சொன்னபடி கேட்டனான்" என்றேன்.

தையில் தவணையை நீட்டினார்கள். சிஞ்ஞோரா அழவில்லை. சூப்பைத் தள்ளிவைத்துவிட்டு என் கையைத் தடவினார்:

"நீ வடிவாத்தான் கேட்டிருப்பாய், பிள்ளை. ரொசாலியாவுக்குத்தான் என்னைப் பிடிக்கேல்லை."

மாசியில்

அதன்பின் அவர் சரியாகச் சாப்பிடவேயில்லை. ரெனாத்தோ வந்து சேர்ந்தபோது சவப்பெட்டி மூடியாயிற்று. சடங்கு முடிந்ததும் என்னைக் கட்டிப்பிடித்தான். அழுதபடி சொன்னான்:

"அம்மா கேட்டதெல்லாம் செய்தது நீங்கள் ஒராள்தான்."

எங்கள் தொழிலில் செய்ததை யாரும் கவனிக்கமாட்டார்கள். செய்யாததற்குத்தான் அழுதழுது நன்றி சொல்வார்கள்.