கசற்றில் நான் பேசாத இடம்

அந்தக் கசற்றின் ஒரு பக்கத்தில் சிவப்புப் பேனையால் 'வீடு' என்று எழுதியிருக்கும். மற்றப் பக்கத்தில் 'நான்'. இரண்டும் பெரியக்காவின் கையெழுத்து. அவர் குவைத்தில் ஒரு வீட்டில் சமையல் வேலை செய்த காலத்தில், எங்களுக்கும் அவருக்கும் இடையில் கடிதங்களைவிடக் கசற்றுகளே அதிகம் போய் வந்தன. அம்மாவுக்கு எழுத வராது என்பது ஒரு காரணம். எங்கள் பக்கத்து ஊரான கிண்ணியாவிலிருந்து அங்கே வேலைக்குப் போகிற யாராவது ஒருவரின் பையில் எங்கள் குரல்கள் போகும். ஊருக்குத் திரும்புகிற இன்னொருவரின் பையில், அதே கசற்றின் மறுபக்கத்தில், அக்காவின் குரல் வந்து சேரும்.

கப்பல்துறை என்ற எங்கள் ஊரில் வீடு கண்டி வீதிக்குப் பக்கம். லொறிச் சத்தம் விழக்கூடாது என்று அம்மா யன்னல்களைச் சாத்தி, கதவின் கீழ் இடைவெளியில் பழைய சேலையைச் சுருட்டி வைப்பார். கசற் றேடியோ மேசையில் இருக்கும். வயதுப்படி ஒவ்வொருவராகக் கதிரையில் வந்து இருப்போம். முதலில் அம்மா, பிறகு ஐயா, அண்ணா, சின்னக்கா, கடைசியில் நான். ஐயா சிவில் வழக்குக்குச் சாட்சி சொல்பவர் போல முழுப்பெயரையும் சொல்லித்தான் தொடங்குவார். "பெத்த தகப்பன் எண்டு அவளுக்குத் தெரியும், விசயத்துக்கு வாங்கோ" என்று அம்மா குறுக்கே சொன்னதும் பதிவாகியிருக்கிறது.

எனக்கு அப்போது பதினாறு வயது. ஆட்களின் முகம் பார்த்துப் பேசவே கூச்சப்படுகிறவன், சுற்றி நாலு பேர் நிற்க ஒரு பெட்டியைப் பார்த்து என்ன பேசுவேன்? "அவனைத் தனிய விடுங்கோ, தனிய விட்டால் கதைப்பான்" என்று அம்மா எல்லோரையும் வெளியே கூட்டிப் போனார். நான் நாடா சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். 'அக்கா' என்ற ஒரு சொல்கூட வரவில்லை. பக்கம் முடிந்து விசை தானாக மேலே எழும்பும்வரை அப்படியே இருந்தேன். கதவைத் திறந்தபோது அம்மா கேட்டார்: "கதைச்சிட்டியோ?"

"ஓம்" என்றேன்.

மூன்று மாதத்துக்குப் பிறகு அக்காவின் பதில் வந்தது. எல்லோரும் சுற்றியிருந்து கேட்டோம். அம்மாவுக்கு, ஐயாவுக்கு, அண்ணாவுக்கு, சின்னக்காவுக்கு என்று சொல்லிக்கொண்டு வந்து, கடைசியில் என்னிடம் வந்தார். "தம்பி, உன்ரயும் வடிவாக் கேட்டனான். தடிமனோட திரியாத, ஆவி பிடி." சின்னக்கா என் தோளில் இடித்தாள். "பெரிய மனுசன் தனிய இருந்து தடிமன் கதையோ கதைச்சவர்?" எல்லோரும் சிரித்தார்கள். வீட்டார் முன்னால் என்னைக் காட்டிக்கொடுக்காமல் அக்கா எனக்காகப் பொய் சொல்கிறார் என்று நினைத்தேன். ஆவி பிடிக்கச் சொல்வது அவர் எல்லோருக்கும் சொல்கிற வைத்தியம்தானே. வேலை முடித்துக் களைத்து வந்து, தம்பியின் குரலுக்காகக் காத்திருந்தவருக்கு நான் வெறும் நாடாவை அனுப்பினேன். அந்த நினைவு என்னை விட்டுப் போகவே இல்லை. அக்கா திரும்பி வந்து, குச்சவெளியில் கலியாணம் முடித்து, கசற்றுகளை என் பொறுப்பில் விட்டபோதும் நான் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. பின்னாளில் அவற்றைக் கணினிக்கு மாற்றுவித்தேன். கேட்கும்போது என் இடம் வந்தால் மட்டும் தள்ளிவிடுவேன்.

இப்போது என் பிழைப்பே மற்றவர்களின் பேச்சைக் கேட்பதுதான். சங்கக் கூட்டங்களின் பதிவுகளைக் கேட்டு வீட்டிலிருந்து தட்டச்சு செய்து கொடுக்கிறேன். மடிக்கணினியில் ஹெட்போனைச் செருகினால் நுளம்பு பறப்பது போல ஒரு சத்தம் எந்நேரமும் காதில் நிற்கும். சார்ஜ் வயரைக் குத்தினால் அது இன்னும் கூடும். தணிந்த குரலில் பேசுகிறவர்கள் அதற்குள் மூழ்கிப் போவார்கள். வெளியே செருகுகிற ஒலி மாற்றி ஒன்று வாங்கலாம் என்று பட்டினத்தில் பஸ் நிலையத்துக்குக் கிட்ட உள்ள ஒரு கடைக்குப் போனேன். கணினிக்குள் எண்களாக இருக்கிற ஒலியை, கணினிக்கு வெளியே வைத்துக் காதுக்குரிய ஒலியாக்குகிற சின்னப் பெட்டி அது. உள்ளே இருக்கிற மற்றப் பாகங்களின் இரைச்சல் அதில் ஒட்டாது என்று கடைக்காரர் விளக்கினார். "ஆனால் பதிவிலயே இருக்கிற இரைச்சலை எந்தப் பெட்டியாலும் எடுக்க ஏலாது அண்ணை, பிறகு வந்து என்னோட சண்டை பிடிக்கக்கூடாது. உங்களுக்கு நல்லாப் பழகின சத்தம் ஒண்டு கொண்டு வாங்கோ. தெரியாத பாட்டில பாத்தால் எல்லாப் பெட்டியும் நல்லாத்தான் இருக்கும்."

எனக்குப் பழகின சத்தம் என்று பாட்டு எதுவும் இல்லை. அடுத்த நாள் மடிக்கணினியில் இருந்த அந்தக் கசற்றின் 'வீடு' பக்கப் பதிவைத்தான் கொண்டு போனேன்.

அவர் ஹெட்போனை ஒரு காதில் வைத்துப் பார்த்துச் சிரித்தார். "எல்லாரும் பாட்டுக் கொண்டு வருவினம், நீங்கள் மீன் பொரிக்கிற சத்தம் கொண்டு வந்திருக்கிறீங்கள்!" பிறகு மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்று விரல் அளவு. அடுத்தது தீப்பெட்டி அளவு, சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகுடன். மூன்றாவது சவர்க்காரப் பெட்டி போன்ற இரும்பு. அதன் விலையைக் கேட்டதும் நான் கையை எடுத்துவிட்டேன். "கதை இருக்கிற இடத்தில வித்தியாசம் தெரியாது. கதை இல்லாத இடம் ஏதும் இதில இருக்கோ?" என்று கேட்டார்.

இருந்தது. ஒரே ஓர் இடம்தான் இருந்தது.

விரல் அளவுப் பெட்டியில் நுளம்புச் சத்தம் குறைந்தது, ஆனால் போகவில்லை. தீப்பெட்டி அளவுப் பெட்டியை மாற்றி, திருகைக் கொஞ்சம் கூட்டினார். நுளம்பு நின்றது. நாடாவின் பழைய இரைச்சல் மட்டும் மழைபோல் மிஞ்சியது. அதற்குப் பின்னால் ஏதோ ஒன்று விட்டு விட்டுக் கேட்டது. முதலில் எனக்குப் பிடிபடவில்லை. மூக்கின் ஒரு பக்கம் அடைபட்டு, மறுபக்கத்தால் கஷ்டப்பட்டு இழுக்கிற மூச்சு. இடையில் ஒரு உறிஞ்சல். அது நான்தான். அன்று எனக்குத் தடிமன் இருந்ததையே நான் மறந்துவிட்டிருந்தேன்.

"விலை கூடினதையும் பாப்பமோ?" என்றார் கடைக்காரர். பார்த்தோம். அதிலும் அதே மூச்சுத்தான், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. நடுப்பெட்டியை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, வீதியோரத்தில் நின்றபடியே குச்சவெளிக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அக்கா, அண்டைக்குக் கசற்றில நான் ஒண்டும் கதைக்கேல்லை."

எந்தக் கசற் என்று அவர் கேட்கவில்லை. "எனக்குத் தெரியுமடா. அந்த இடத்தைத்தான் நான் கனதரம் போட்டுப் போட்டுக் கேட்டனான்."

"ஏன்?"

"மற்ற எல்லாரும் சேலை வேணும், றேடியோ வேணும், வீட்டுக்கு ஓடு போட வேணும் எண்டுதான் சொன்னவை. நீ ஒருத்தன்தான் ஒண்டும் வேணாமெண்டு சும்மா என்னோட இருந்தனீ."

நான் அந்த நாடாவின் முன்னால் இருந்தது ஒரு கைமணிக்கூடு வேண்டுமென்று சொல்வதற்காக. அதற்கும் வாய் வரவில்லை, அவ்வளவுதான். "ஓம் அக்கா" என்று மட்டும் சொன்னேன்.