ஸ்ட்ராபெரி மணத்த எஞ்சின்

எனக்கு ஒன்பது வயது. கனடாவின் ஸ்காபரோவில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் கராஜில் கார் நிற்கவில்லை, அம்மாவின் தம்பி, என் மாமாவின் படகு எஞ்சின்தான் நின்றது. ஒஷாவாவில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் சும்மா தூக்கிக் கொடுத்தது. மாமாவை விட வயது கூடியது. படகைப் பிறகு பார்க்கலாம் என்றார் மாமா.

சிலிண்டருக்கு மேலே மூடியாக இருக்கும் ஹெட் கொஞ்சம் வளைந்து, தண்ணீர் உள்ளே கசிந்தது. மூன்று சனிக்கிழமைகளாக மாமா அதைக் கழற்றி, கண்ணாடித் தட்டில் அரத்தாளை விரித்து மட்டமாகத் தேய்த்தார். அம்மா தேத்தண்ணியோடு வருவார். ஸ்பானர் பெட்டியைக் கிளறி, "என்ன குப்பையடா இது" என்று மூக்கைச் சுளித்துவிட்டுப் போவார்.

எனக்கு மாமாவின் கைராசிதான் அதிசயம். பார்க்காமலே பெட்டிக்குள் கையை விட்டால், வேண்டிய ஸ்பானர் மேலேயே கிடக்கும். "பாத்தியே, ஸ்பானருக்கே என்னைத் தெரியும்!" என்பார்.

மூன்றாவது சனி, கசிவை அடைக்கும் புதுக் காஸ்கெட் வைத்து ஆறு போல்ட்டையும் இறுக்கிவிட்டுக் கோப்பி வாங்கப் போனார். "தொடாதை" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். இன்னும் ஒரு சுற்று இறுக்கினால் நல்லதுதானே என்று ஸ்பானரில் தொங்கினேன். 'டிக்' என்றது. போல்ட்டின் தலை என் கையில்.

நான் அழவில்லை. மூக்கு ஒழுகியது, அவ்வளவுதான். வாயிலிருந்த ஸ்ட்ராபெரி சுவிங்கத்தை எடுத்து, தலையை இருந்த இடத்திலேயே ஒட்டினேன்.

மாமா வந்து, தண்ணீர் நிரப்பிய குப்பை வாளியில் எஞ்சினைப் பூட்டினார். எஞ்சினைக் கிளப்பும் கயிற்றைப் பிடித்தார். என் கணக்குப்படி ஹெட் பறந்து, மாமாவின் மூக்கைக் கொண்டுபோய், தூரத்து மில்லிக்கனில் விழும்.  மேசைக்கு அடியில் புகுந்து பாதி தெரிந்த தேவாரத்தைச் சொன்னேன்.

"பொறு தம்பி." தேத்தண்ணியோடு அம்மா.

விரலால் ஒவ்வொரு போல்ட்டாகத் தடவினார். என்னுடையதில் விரல் நின்றது. சுவிங்கம் நூலாக நீண்டு வந்தது. மணந்து பார்த்தார். மேசைக்கு அடியிலும் ஒரு பார்வை. 

"கழட்டு."

"அக்கா, உங்களுக்கு உதெல்லாம்..."

"கழட்டெண்டுறன்."

ஹெட்டைத் தூக்கியதும் முறிந்த துண்டு ஒரு நகத்தளவு நீட்டிக்கொண்டிருந்தது. அம்மா எண்ணெய் விட்டார், சூடு காட்டினார், குறட்டால் பிடித்து மயிரிழை முன்னுக்கு, மயிரிழை பின்னுக்கு. "அவசரமில்லை, வா" என்று போல்ட்டோடு கதைத்தார். என்னைப் பள்ளிக்கூடத்துக்கு எழுப்பும்போது இல்லாத பொறுமை. கடைசியில் துண்டு கழன்று வந்தது. ஹெட்டைத் திரும்ப வைத்து, வேறொரு போல்ட் போட்டு, நடுவிலிருந்து குறுக்கும் மறுக்குமாக, கொஞ்சம் கொஞ்சமாக மூன்று சுற்றில் எல்லாவற்றையும் இறுக்கினார். மாமாவின் வாய் திறந்தபடி. என்னுடையதும்.

மூன்றாவது இழுப்பில் எஞ்சின் பிடித்தது. நீலப் புகை. வாளித் தண்ணீர் துள்ளியது. அம்மா தலையைச் சரித்துக் கேட்டு, ஒரு திருகாணியை அரைச் சுற்றுத் திருப்பினார். இருமிக்கொண்டிருந்தது பாடத் தொடங்கியது. "இப்ப சரி" என்று, சோறு வடிக்கப் போய்விட்டார்.

ஊரில், எங்கள் தீவில், தகப்பனின் மீன்பிடிப் படகிலேயே அம்மா வளர்ந்தவர் என்பதை நான் பிறகுதான் அறிந்தேன். அன்று, அடி விழாத சந்தோஷத்தில் எதையும் யோசிக்கவில்லை.

அடுத்த சனி அம்மாவுக்கு பாக்டரியில் ஓவர்டைம். தேத்தண்ணி வரவில்லை, பெட்டியைக் கிளறி மூக்கைச் சுளிக்கவும் ஆளில்லை. மாமா பெட்டிக்குள் கையை விட்டார். பத்துத் தரம் விட்டார். ஒரு தரம்கூட வேண்டிய ஸ்பானர் வரவில்லை.

மாமாவின் கைராசி போய்விட்டதே என்று நாங்கள் இரண்டு பேரும் பெரிதாகக் கவலைப்பட்டோம்.