பத்து வரை எண்ணிய சுவர்

எங்கள் ஆபீசில் ஒரு சுவர் எண்ணியது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம், நான் என் காதால் கேட்டவள். என் டைப்பிங் மேசைக்குப் பின்னால், கீழ்த்தளத்து ரிக்கார்டு ரூமுக்குக் காற்று போவதற்காக ஒரு துவாரம் உண்டு. காலை பதினொன்று, பகல் ஒன்று, மாலை நான்கு, இந்த மூன்று வேளையும் அதன் வழியே ஒரு குரல் வரும். ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது. "ஒண்ணு... ரெண்டு... மூணு..." அவ்வளவுதான். பிறகு அதே அளவுக்கு ஓர் அமைதி. மறுபடியும் ஒண்ணு.

முதலில் மூன்றோடு நின்றுவிடும். இரண்டு வாரம் கழித்து ஐந்து. பிறகு ஏழு. அப்புறம் ஒரு திங்கட்கிழமை ஒன்பதைத் தொட்டது. கேட்டவர்கள் ஃபைல் எடுக்கக் கீழே இறங்குவதையே நிறுத்திக்கொண்டார்கள், ஏனென்றால் பழைய ரிக்கார்டு கிளார்க்கை எங்கள் எல்லோருக்கும் தெரியும். மனிதர் ஃபைல்களைப் பத்துப் பத்தாக எண்ணி, பத்து வந்ததும் கயிற்றை இழுத்து முடிச்சுப் போடுவார். அப்படி எண்ணிக்கொண்டிருக்கும்போதே, கைப்பிடி வைத்த தன் நாற்காலியில் உட்கார்ந்தபடி போய்ச் சேர்ந்தார். கையில் கயிறு இருந்தது, முடிச்சு விழவில்லை.

"விட்ட எடத்துலேருந்து எண்ணுறாரு. பத்து வரட்டும், யாரைக் கட்டப் போறாருன்னு தெரியும்" என்றாள் பியூனம்மா. அதோடு நிறுத்தினாளா? அவருடைய நாற்காலி மெத்தை நனைந்து கிடந்ததையும் ஒருமுறை பார்த்துவிட்டு வந்து ஊரைக் கூட்டினாள். மேலே குழாய் இல்லை, கூரையில் ஒழுக்கு இல்லை. பிறகென்ன, பேய்தான்.

நாற்காலியை நனைத்தது நான்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். ஊதினால் பறந்துவிடுவாள் என்று என்னைக் கிண்டல் செய்வார்கள், அவ்வளவு ஒல்லி. ஆனால் இரண்டாவது பிள்ளை பிறந்ததிலிருந்து தும்மினால் போச்சு, இருமினால் போச்சு. ரிக்கார்டு ரூமின் தூசியில் குனிந்து ஃபைல் எடுக்கும்போது தும்மல் வராமல் இருக்குமா? பக்கத்தில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அதுவும் ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. செத்தவர் உயிர் விட்ட இடத்தை அசிங்கம் பண்ணியவள் நான்தான். பத்து வந்ததும் கயிறு யாருக்கு என்று எனக்குச் சொல்ல ஆள் தேவையில்லை. குரல் கேட்ட அந்த எட்டு வாரமும், அது ஆரம்பித்தால் காதில் விழாமலிருக்க டைப் மெஷினை ஓங்கி ஓங்கித் தட்டுவேன்.

பழைய கிளார்க்குக்குப் பிறகு அந்த அறையைப் பார்த்துக்கொள்ளும் ரிக்கார்டு அக்காவிடம் மட்டும் எண்ணும் சத்தத்தைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. பாவம், அவர்தானே கீழே தனியாக உட்கார்ந்திருப்பவர், ஏன் பயமுறுத்த வேண்டும் என்ற நல்லெண்ணம். நல்லெண்ணம் என்ன நல்லெண்ணம், முதுகுக்குப் பின்னால் அதே ஆட்கள்தான் லிஃப்டில் அக்கா ஏறினால் மற்றவர்கள் படியில் போக வேண்டும் என்று சிரிப்பார்கள். அக்காவுக்குப் பெருத்த உடம்பு. தானே முந்திக்கொண்டு தன்னைக் கேலி செய்வார், ஆனால் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை. டீ குடிக்க மேலே வரமாட்டார். எந்நேரமும் கறுப்பு உடைதான். எங்கே போனாலும் ஒரு துணிப்பை தோளில் தொங்கும். புருஷன் இல்லை, மகள் வெளியூரில். வாழ்க்கையே அந்த ஜன்னல் இல்லாத அறையில்தான்.

அதையும் பிடுங்க ஏற்பாடு நடந்தது. ஃபைல் எடுக்க ஒருவரும் கீழே இறங்காததால் அதிகாரிக்குக் கோபம் தலைக்கேறி, ரிக்கார்டு ரூமை மூடு என்றார். அக்காவுக்கு மேல் கூடத்தில் நடுவரிசையில் இடம். அங்கே மேசைக்கும் நாற்காலிக்கும் நடுவே என் உடம்பே உரசிக்கொண்டுதான் நுழையும். கழிப்பறை அந்தக் கோடியில், முப்பது பேரைத் தாண்டிப் போக வேண்டும். ஆர்டரை டைப் செய்தவள் நான். கொண்டுபோய்க் கொடுக்கப் பியூனம்மா முடியவே முடியாது என்றுவிட்டதால், எடுத்துப் போனவளும் நான். மணி ஒன்று.

கீழே ஒரு ட்யூப்லைட் மட்டும் எரிந்தது. அக்காவின் மேசையில் ஆள் இல்லை. கடைசி அலமாரிக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "அஞ்சு... ஆறு..." அந்த நாற்காலி தெரிந்தது, காலியாக, என்னைப் பார்த்தபடி. "எட்டு... ஒம்போது..." குரலில் ஓர் இழுப்பு.

"பத்து."

கத்திவிட்டேன். உடம்பும் கைவிட்டுவிட்டது.

அலமாரிக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தது அக்கா. என் முகத்தைப் பார்த்தார், பிறகு நான் நின்ற தரையைப் பார்த்தார். துணிப்பையிலிருந்து மடித்த துணி ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"அக்கா, எண்ணுனது நீங்களா?"

"நான்தான். ஏன், மேல கேக்குதா?" முகம் வெளிறிவிட்டது. "ஐயோ, ஒருத்தரும் சொல்லலையே. ஒண்ணுக்கு அடங்குறதுக்குப் பயிற்சி இது, உள்ள இறுக்கிப் பிடிச்சு எண்ணணும், மூச்சைப் பிடிக்கக் கூடாதுன்னு வாய்விட்டு எண்ணச் சொல்லிருக்காங்க. எனக்கும் அடங்காதுடி. ஏழு வருஷமா எந்த டாக்டர்கிட்ட போனாலும் மொதல்ல உடம்பைக் கொறைச்சிட்டு வான்னாங்க. உடம்பு எறங்கல, மானந்தான் எறங்குச்சு. இப்ப ஒரு பிசியோதெரபி பொண்ணு, உடம்பு கொறைஞ்சா நல்லதுதான், அதுக்காகக் காத்திருக்க வேணாம், இன்னைக்கே ஆரம்பிங்கன்னு சொல்லிச்சு. மொதல்ல மூணு எண்ணுறதுக்குள்ள விட்டுப்போயிடும். பத்து இன்னைக்குத்தான் வந்துச்சு. முன்னாடி நாலு துணி ஆகும் ஒரு நாளைக்கு, இப்ப ஒண்ணு."

சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று குரலைத் தாழ்த்தினார். "ஆனா அந்த நாற்காலி நான் இல்ல. சத்தியமா இல்ல. அந்தக் கைப்பிடிக்கு நடுவுல எனக்கு உக்காரவே கொள்ளாது. அப்பப்ப நனைஞ்சு கெடக்கும். யாராவது பாத்தா என்னைத்தானே சொல்வாங்கன்னு நானே மெத்தையைக் கழட்டித் துவைச்சுப் போடுவேன். கிளார்க் ஐயா இன்னும் உக்காந்திருக்காருடி. அவரு பக்கத்துலதான் தெனம் மூணு வேளையும் எண்ணுறேன். பயந்து சாகுறேன், ஆனா எனக்கு வேற எடம் ஏது?"

"அது நான்தாங்க்கா" என்றேன்.

எட்டு வாரமாக அவரை நான் பயமுறுத்தியிருக்கிறேன், என்னை அவர் பயமுறுத்தியிருக்கிறார். சிரிப்பு வந்திருக்க வேண்டும். எனக்கு அழுகைதான் வந்தது. செத்தவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலி என்று நம்பிக்கொண்டே அதைத் துவைத்துப் போட்டிருக்கிறார் இந்த மனுஷி.

ஆர்டரை வாங்கிப் படித்தார். மேசை இழுப்பறையிலிருந்து நாலாக மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். வேலையை விடுவதாக எழுதிய கடிதம். எப்போதோ எழுதி வைத்தது, ஓரம் பழுத்திருந்தது. "தேதி மட்டும் போட்டுக் குடுத்துடு" என்றார்.

இரண்டையும் வாங்கிக்கொண்டு மேலே ஏறினேன். கடிதத்தை என் பையில் ஒளித்தேன். ஆர்டரை அதிகாரி முன்னால் வைத்தேன்.

"சார், கீழ பேய் கெடையாது. எண்ணுனது நான். நாற்காலியை நனைச்சதும் நான். பிள்ளை பெத்தப்புறம் எனக்கு ஒண்ணுக்கு அடங்க மாட்டேங்குது. இறுக்கிப் பிடிச்சு எண்ணுற பயிற்சி அது, தெனம் மூணு வேளை. அந்த ரூமை மூடிட்டா, கூடத்துல எல்லார் நடுவுலயும்தான் உக்காந்து எண்ணணும்."

மனிதர் பேப்பர்வெயிட்டையே பார்த்தார். குரல் கேட்கும் நேரத்தில் நான் மேலே டைப் செய்துகொண்டிருப்பேனே என்று யோசிக்கக்கூட அவருக்குத் தெம்பில்லை. ஆர்டரைக் கிழித்துக் கூடையில் போட்டார். வெளியே சொல்லவும் மாட்டார், சொல்ல அவருக்கு வாய் வராது. அக்காவின் பெயரே அங்கே வரவில்லை.

அன்று நான்கு மணிக்கே ஆரம்பித்தோம். "வயித்தை இறுக்காத, தொடையை இறுக்காத. உள்ள மட்டும் மேல தூக்கு. எண்ணி முடிச்சதும் முழுசா விடு, விட்டாத்தான் அடுத்தது வரும்" என்றார் அக்கா. நான் மூன்றில் தோற்றேன். அவர் எனக்காக மூன்றிலேயே நிறுத்தினார்.

இரண்டு வாரம் கழித்துப் பியூனம்மா என் மேசைக்கு ஓடி வந்தாள், கண் இரண்டும் வெளியே வந்துவிடும்போல. "முன்னாடி பேய் ஒண்ணுதான் இருந்துச்சு. இப்ப ரெண்டு எண்ணுது!" சொல்லும்போதே அவளுக்குத் தும்மல் வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டாள், கால்மேல் கால் பின்னி, கண்ணை இறுக மூடி, அப்படியே நின்றாள்.

அந்த நிற்பு எனக்குத் தெரியும்.

"ஒரு மணிக்கு எங்கூடக் கீழ வாங்க" என்றேன்.

"ஐயோ, பேய் இருக்கே!"

"இருக்கு. உங்களுக்காக ஒரு பெஞ்சும் போட்டு வெச்சிருக்கு."