பசை மிஸ் ஒட்டிய பக்கம்

எங்கள் பள்ளி நூலகத்துக்காரிக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு என்பதே பலருக்கு மறந்துவிட்டது. பிள்ளைகளுக்கு அவள் பசை மிஸ். கிழிந்த புத்தகத்தைக் கண்டால் அவளுக்கு இருப்புக் கொள்ளாது. சாப்பிடும்போதும் ஒரு கையில் கரண்டி, மறுகையில் பசைப் பிரஷ்.

"என்னைக்காவது ரெண்டும் மாறப் போகுது பாரு" என்று திட்டுவேன்.

"மாறினா வாய் ஒட்டிக்கும். உங்களுக்கும் நிம்மதிதானே அக்கா" என்பாள். வாய்க்கொழுப்புக்குக் குறைச்சலில்லை.

நான் ஒன்றாம் வகுப்பு டீச்சர். நூலக வகுப்புக்கு என் வாண்டுகளை ஓட்டிக்கொண்டு போவேன். அவள் அவர்களைப் பாயில் உட்காரவைத்து, படம் அவர்களைப் பார்க்கும்படி புத்தகத்தைத் தோளோரம் தூக்கிப் பிடித்து, கழுத்தைத் திருப்பிப் படிப்பாள். படித்துப் படித்து அவள் கழுத்தே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. என்னிடம் ஒரு நிமிஷம் சும்மா இருக்காததுகள் அங்கே வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். எனக்குப் பொறாமைதான், மறைப்பானேன்.

அந்த வருஷம் என் வகுப்பில் ஒரு சுட்டிப்பெண் இருந்தாள். வாலு என்றுதான் கூப்பிடுவோம். அவள் அம்மா நோயில் படுத்து, போய்ச் சேர்ந்துவிட்டாள். வாலுவின் அப்பா வந்து வகுப்பு வாசலில் நின்றார்.

"அம்மா இன்னும் ஆஸ்பத்திரியில இருக்கான்னுதான் பாப்பாகிட்ட சொல்லி வெச்சிருக்கேன் டீச்சர். சொல்லலாம்னு கிட்டப் போனா வேற எதையோ பேசிட்டு வந்துடறேன். நானே சொல்ற வரைக்கும் யாரும் சொல்லிடாதீங்க."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பிள்ளையை இப்படியா ஏமாற்றுவது? ஆனால் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு நின்ற மனிதரை என்னவென்று கடிவது? சரி என்றேன். பசை மிஸ்ஸிடமும் சொல்லிவைத்தேன்.

வாரம் ஒரு பிள்ளை புத்தகம் எடுத்துத் தரும். அடுத்த முறை வாலுவுடையது. அவள் எப்போதும் பூனைக்குட்டிப் புத்தகத்தைத்தான் எடுப்பாள். அம்மாப் பூனை மழையில் வெளியே போகும். குட்டி தனியாக உட்கார்ந்து அழும். கடைசியில் அம்மா நனைந்துகொண்டே வந்துவிடும்.

அன்றும் அதையேதான் எடுத்தாள். பசை மிஸ் படித்தாள். மழை வந்தது. அம்மாப் பூனை போனது. பக்கம் புரண்டது. அம்மாப் பூனை வந்துவிட்டது!

வாலு எழுந்து நின்றாள். "மிஸ், குட்டி அழற பக்கம் காணோம்."

"ரெண்டு பக்கம் சேர்ந்து புரண்டிருக்கும்டா."

வாலு விடுவாளா? புத்தகத்தை வாங்கித் தடவிப் பார்த்தாள். நகத்தால் சுரண்டினாள்.

"ஒட்டியிருக்கு. நீங்களா மிஸ் ஒட்டினீங்க?"

பசை மிஸ் தலையை மட்டும் ஆட்டினாள்.

"கிழியவே இல்லையே. அப்புறம் ஏன் ஒட்டினீங்க?"

அடிப்பாவி, ஏதாவது சொல்லித் தொலையேன் என்று எனக்குள் கிடந்து துடித்தேன்.

"நீ அழுவியோன்னு..." என்று தொடங்கி நிறுத்திவிட்டாள்.

"நான் ஏன் அழணும்? அதுக்கப்புறம்தான் அம்மாப் பூனை வந்துடுமே."

வாலு பசை மிஸ்ஸின் முகத்தைப் பார்த்தாள். திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். நான் குனிந்துகொண்டேன்.

"எங்கம்மா வரமாட்டாங்களா?"

பசை மிஸ் பொய் சொல்லவில்லை. "அப்பாவை வரச் சொல்றேன் கண்ணு. அதுவரைக்கும் என்கூடவே இரு" என்றாள். மற்ற பிள்ளைகளை நான் வகுப்புக்குக் கூட்டிப்போய்ப் பக்கத்து டீச்சரிடம் விட்டுவிட்டு ஓடி வந்தேன்.

பசை மிஸ் போன் போட்டதில் அதற்குள் வாலுவின் அப்பா வந்து பாயில் மகளுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். எப்படியோ சொல்லி முடித்தார். சொன்னவர்தான் விம்மி விம்மி அழுதார். வாலு குனிந்தபடி ஒட்டிய பக்கங்களைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள். பசை மிஸ்ஸின் பசை லேசில் விடுமா? சர்ரென்று குட்டிப்பூனையின் குறுக்கே கிழிந்தது.

வாலு புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு பசை மிஸ்ஸின் மேசைக்குப் போனாள்.

"இப்ப கிழிஞ்சிருச்சு மிஸ். இப்ப ஒட்டுங்க."

பசை மிஸ் பிரஷை எடுத்தாள். பசை மேசையெல்லாம் சிந்தியது. வாலுதான் கிழிந்த இரண்டு ஓரத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.