கால்வாய்க் கரையில் ஒரு சுற்று

வெள்ளவத்தைக் கால்வாயின் ஒரு கரையால் போய், பாலம் கடந்து, மறுகரையால் திரும்ப முக்கால் மணித்தியாலம் போதும். ஞாயிறு காலைகளில் மனைவி, மகள், நாய் எல்லோருமாக அந்தச் சுற்றுப் போவோம். வீட்டில் நாயோடு தமிழில் கதைக்கும் நான், வெளியே அதைச் சிங்களத்தில்தான் கூப்பிடுவேன். யுத்த காலத்தில், தமிழ் கேட்டால் சந்தேகத்தில் பிடித்து விசாரிப்பார்கள் என்று பயந்து, தெருவில் தமிழை வாய்க்குள்ளேயே வைத்திருந்த பழக்கம். யுத்தம் முடிந்த பிறகு பிறந்த மகளுக்கு அது சிரிப்பு.

போன ஞாயிறு, தண்ணீரிலிருந்து ஏறிய உடும்பைக் கண்டதும் நாய் சங்கிலியை இழுத்துக்கொண்டு ஓடியது. “மெஹே வரெங்” என்று நான் சிங்களத்தில் கத்திக்கொண்டேயிருந்தேன். சனியன், காதில் வாங்கவேயில்லை. மகள் கால்வாய் முழுக்கக் கேட்க, “இஞ்ச வாடா” என்றாள்.

நாய் உடனே திரும்பியது. நானும் திரும்பினேன், பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்க்க.