விவகாரம் வேண்டாம் என்று இருந்தவன்

என் மனைவி மேல் ஒரு பழி விழுந்தது. வயதான மாமனாரைத் தனியாக விட்டுவிட்டுக் கோயிலுக்குப் போனாள், அந்த நேரத்தில் அவர் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார் என்று. அது உண்மை இல்லை. உண்மை இல்லை என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி அவள், இன்னொருவன் நான். அவள் வாயைத் திறக்கவில்லை. நான் திறந்தேன், ஆனால் அத்வைதம் பேசினேன்.

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். நாகர்கோவில் பக்கத்திலிருந்து சின்ன வயதில் திருவனந்தபுரம் வந்து, சாலைக் கடைத்தெருவில் ஒரு பலசரக்கு மொத்தக் கடையில் நின்றேன். இன்றும் அங்கேதான் நிற்கிறேன். வலியசாலையில் வாடகை வீடு. எனக்குத் தெரிந்த பக்தி, குளித்தால் திருநீறு, பிரதோஷத்துக்கு விரதம், கஷ்டம் வந்தால் சிவனே. அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. தெரியாதவரைக்கும் ஒழுங்காகத்தான் இருந்தேன்.

எங்கள் தெருவில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு வேதாந்த வகுப்பு நடக்கிறது. சொல்லிக்கொடுப்பவர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற, அக்ரஹாரத்துப் பெரியவர். காசு கிடையாது, முடிந்ததும் ஒரு காப்பி உண்டு. நான் முதலில் போனது காப்பிக்காகத்தான் என்று என் மனைவி சொல்வாள். போகப்போக எனக்கு அந்தப் பேச்சு பிடித்துப் போனது. இரண்டு இல்லை, ஒன்றே உண்டு. நீ உடம்பு இல்லை, மனம் இல்லை. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிற சாட்சி நீ. நாளெல்லாம் முதலாளியிடமும் மூட்டை தூக்குகிற சுமட்டுக்காரர்களிடமும் ஏச்சு வாங்குகிறவனுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று சொல்லத் தெரியவில்லை. ஏச்சு வாங்குவது நான் இல்லையே!

ஆனால் நான் அதை எடுத்துக்கொண்ட விதத்தை இன்று நினைத்தால் கூசுகிறது. மனைவிக்கு முட்டு வலி என்றால், "வலி உடம்புக்கு, உனக்கில்லை" என்பேன். எனக்குக் கடைவாய்ப் பல் வலித்தபோது நான் சாட்சியாக இருக்கவில்லை. வீடே சாட்சியாக நின்று என் ஆட்டத்தைப் பார்த்தது. கடையில் பாராட்டினால் அது நான் செய்தது. சரக்கு மாறிப் போனால், செய்கிறவன் என்று ஒருவன் உண்டா என்ன, எல்லாம் நடக்கிறது. பூஜையில் மணி அடிப்பதைக்கூட நிறுத்தினேன். யாரை யார் கும்பிடுவது? மனைவி மணியை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டு அடித்தாள்.

வகுப்பில் பெரியவர் அடிக்கடி ஒன்று சொல்வார்: "பரமார்த்தத்தில ரெண்டு இல்லை. வியவகாரத்தில ரெண்டு உண்டு." எனக்கு அது 'விவகாரம்' என்றே காதில் விழுந்தது. விவகாரம் என்றால் எங்கள் ஊரில் வம்பு, வழக்கு, தகராறு. மலையாளத்திலும் கோர்ட்டு வழக்குக்கு அந்தப் பேர் உண்டு. ஆக, விவகாரம் இருக்கிற இடத்தில் ரெண்டு உண்டு, ஞானம் வேண்டுமானால் விவகாரத்துக்குப் போகாதே என்று சொல்கிறார் என நான் முடிவு கட்டிக்கொண்டேன். என் சுபாவத்துக்கும் அது பொருந்திப் போனது.

அன்றைக்குக் கடையில் கூட்டம் இல்லை, சீக்கிரம் வந்துவிட்டேன். அப்பா பின் அறையில் தூங்கிக்கொண்டிருந்தார். நான் வந்தது அவருக்குத் தெரியாது. மனைவி சாயங்கால விளக்கு பார்க்கக் கோயிலுக்குக் கிளம்பினாள். "மாமா எந்திரிச்சா ஒரு கை குடுங்க. தரை வழுக்குது" என்று வாசலில் நின்று சொன்னாள். சரி என்று சொல்லிவிட்டு முன் அறையில் கண்ணை மூடி உட்கார்ந்தேன். சாட்சியாக இருக்கப் பழகுவது. மூச்சு வருகிறது, பார். தெருவில் ஆட்டோ போகிறது, கேள். எதிலும் ஒட்டாதே.

"மக்களே" என்று அப்பா கூப்பிட்டார்.

எங்கள் நாஞ்சில் நாட்டுப் பேச்சில் மகனும் மக்களேதான், மகளும் மக்களேதான், மருமகளும் மக்களேதான். எனக்குக் கேட்டது. கேட்பது நடக்கிறது, கேட்பவன் நான் இல்லை என்று உள்ளே சொல்லிக்கொண்டேன். அதோடு, அவர் அவளைத்தானே கூப்பிடுகிறார், என்னை இல்லையே என்றும் ஒரு நினைப்பு ஓடியது. ஊரெல்லாம் ஒன்று என்று பேசியவனுக்கு அந்த ஒரு சொல்லை மட்டும் அவளுக்கு, எனக்கு என்று இரண்டாகப் பிரிக்கத் தெரிந்திருந்தது.

மறுபடி கூப்பிட்டார். "மக்களே, கொஞ்சம் வாயேன்." அப்போது என் மனதில் வந்ததைப் பிறகு சொல்கிறேன். அதன் பின் வாளி உருளும் சத்தம் கேட்டது.

ஓடினேன். அப்போதுதான் கடையிலிருந்து வருகிறேன் என்று அப்பா நினைத்துக்கொண்டார். நான் அவரைத் தூக்க முடியாமல் தவித்துக்கொண்டிருக்கும்போதே அவள் கோயிலிலிருந்து வந்துவிட்டாள். பிரசாதத்தை எங்கே வைத்தாள் என்று தெரியாது. என்னை ஒரு பார்வை பார்த்தாள். கேட்கவில்லை.

மறுநாள் காலை நாகர்கோவிலிலிருந்து அக்கா ஆஸ்பத்திரிக்கு வந்தாள். எனக்கு மூத்தவள், அப்பாவின் செல்லம். வராந்தாவிலேயே பிடித்துக்கொண்டாள்.

"வீட்டில ஆருமே இல்லியாம்லா! கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்தேன், ஒருத்தரும் வரல்லன்னு அப்பா சொல்லுகாரு. நீ எங்கட்டி போனே?"

"விளக்கு பாக்கப் போனேன் மைனி" என்றாள் என் மனைவி. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.

அந்த நேரத்தில் நான் எப்போதும் கடையில் இருப்பவன். நான் வீட்டில் இருந்திருப்பேன் என்று அக்காவுக்குத் தோன்ற வழியே இல்லை. நான் இருந்தேன் அக்கா என்று மூன்று சொல் சொன்னால் போதும். ஆனால் விவகாரம் வேண்டாம் என்று இருப்பவன் அல்லவா! குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னேன்: "யாரு செஞ்சது, யாரு செய்யாததுன்னு இருக்கு அக்கா? எல்லாம் நடக்குது. யாரையும் குத்தம் சொல்லப்பிடாது."

அக்காவின் கண் நிறைந்துவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பாத்தியாட்டி என் தம்பிய! இவ்வளவு ஆன பொறவும் உன்னை ஒரு வார்த்தை சொல்லல்ல. மன்னிச்சிட்டான். இப்பிடி ஒருத்தன் உனக்குக் கெடச்சிருக்கான் பாரு."

நான் என்னை மறைக்கச் சொன்ன வாக்கியம் அவளை நான் மன்னித்ததாக ஆகிவிட்டது. திருத்தியிருக்கலாம். தலையைக் குனிந்துகொண்டேன். அதுவும் அடக்கம் என்று ஆனது.

ஆபரேஷன் முடிந்ததும் அப்பாவை அக்கா தன்னோடு கூட்டிப் போய்விட்டாள். இனிமேல் அவளை நம்பி விடமாட்டேன் என்று என் மனைவியின் முன்னாலேயே சொன்னாள். எத்தனையோ வருஷமாக அப்பாவுக்குக் கஞ்சி கரைத்துக் கொடுத்து, நகம் வெட்டி, முதுகு தேய்த்தவள் அவள். கார் கிளம்பும்போது அவருடைய மாத்திரைகளை எதை எப்போது கொடுக்க வேண்டும் என்று அக்காவிடம் சொல்ல வந்தாள். "எங்களுக்குத் தெரியும்" என்று கண்ணாடியை ஏற்றிவிட்டாள் அக்கா. சொந்தக்காரர்கள் போன் செய்தபோதெல்லாம் என்னிடம் ஆறுதலாகவும் அவளிடம் சுருக்கமாகவும் பேசினார்கள்.

ஒரு காலையில் தோசை வார்த்துக்கொண்டே கேட்டாள்: "அன்னைக்கு ஏன் ஒண்ணும் சொல்லல்ல?"

"எனக்கு யார் பக்கமும் இல்லை. நான் வெறும் சாட்சி."

அவள் திருவனந்தபுரத்திலேயே பிறந்து வளர்ந்தவள். "மலையாளத்தில கதவுத் தாப்பாளுக்கு சாக்ஷன்னு பேரு, தெரியும்லா? நீங்க அந்த சாக்ஷ. உள்ளேருந்து போட்டுக்கிட்டது" என்றாள். சொல்லிவிட்டுத் தோசையைத் தட்டில் போட்டாள். அது முறுகலாக, எனக்குப் பிடித்த மாதிரியே இருந்தது. அது என்னவோ இன்னும் மோசமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு வகுப்புக்குப் போனேன். பெரியவர், "என்ன ஓய், ஆளையே காணோமே?" என்றார்.

"வீட்டில ஒரு விவகாரம் சார். நீங்க சொன்ன மாதிரியே ஒதுங்கிட்டேன்."

"நான் எப்போ ஓய் ஒதுங்கச் சொன்னேன்?"

"விவகாரத்தில ரெண்டு உண்டு, அங்க போகக் கூடாதுன்னு..."

வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்தார், ஆனால் கேலியாக இல்லை. "அது வம்பு வழக்கு இல்லைங்காணும். சாப்பிடறது, பல் தேய்க்கறது, நீர் கடையில பருப்பு நிறுக்கறது, ஆத்துல யாராவது கூப்பிட்டா என்னன்னு எழுந்து போறது, இதெல்லாம்தான் வியவகாரம். அங்க நீர் உண்டு, அவரும் உண்டு. அதை விட்டுட்டு ஓடறதுக்கு வேதாந்தம் எதுக்கு? போர்வை போதுமே!"

மறுபடி சிரிப்பு. என்னால் காப்பி குடிக்க முடியவில்லை. கோயில் வாசல் வரைக்கும் போய், உள்ளே போகாமல் திரும்பினேன். மறுநாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு நாகர்கோவிலுக்கு பஸ் ஏறினேன்.

அக்காவைத் தனியே கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்றுதான் போனேன். ஆனால் சின்ன வீடு. கூடத்தில் அப்பாவின் கட்டில். அக்கா அடுக்களை நிலைப்படியில் நின்று கீரை ஆய்ந்தாள். இப்போது சொல்லாவிட்டால் சொல்லவே மாட்டேன் என்று பயம் வந்துவிட்டது.

"அக்கா, அன்னைக்கு நான் வீட்டில இருந்தேன். பாத்துக்கோங்கன்னு சொல்லிட்டுத்தான் அவ போனா. அப்பா கூப்பிட்டது எனக்குக் கேட்டுது. போகல்ல."

அக்கா கீரையைக் கீழே வைத்தாள். "லேய் தம்பி, உன்னைத் தெரியாதா எனக்கு? பொண்டாட்டி பழிய எடுத்து உன் தலையில வச்சுக்கிட வந்திருக்கே. சாமியாராவே ஆயிருவே போல."

என்னை நானே நல்லவனாகக் காட்டிக்கொண்டது எவ்வளவு வேலை செய்திருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. உண்மையைச் சொன்னாலும் அது தியாகமாகப் போய்ச் சேர்கிறது. இனி ஒரே வழிதான். அந்த இரண்டாவது கூப்பாட்டின்போது மனதில் வந்ததை அப்படியே சொன்னேன்.

"கெடந்து கத்தட்டும்னு நெனச்சேன் அக்கா. கிழத்துக்கு நேரம் காலம் கிடையாதான்னு நெனச்சேன்."

இதை யாரும் தியாகத்துக்காகச் சொல்லமாட்டார்கள். அக்கா என் முகத்தையே பார்த்தாள். நம்பிவிட்டாள்.

கட்டிலிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "கேட்டுதா மக்களே?"

"கேட்டுதுப்பா."

"ரெண்டு மட்டம் கூப்பிட்டேன்."

"ரெண்டும் கேட்டுது."

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். பிறகு, "பஸ்ஸிலயா வந்தே? சோறு தின்னுட்டுப் போ" என்றார். அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். அந்தச் சோற்றை அக்கா பரிமாறினாள். மோர் வேண்டுமா என்பதைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. நானும் தின்றேன். எப்படித் தின்றேன் என்று தெரியாது.

சாயங்காலம் வீடு வந்தபோது மனைவி கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"மைனி போன்ல பேசினா. ஒரே அழுகை. மன்னிச்சிருட்டின்னா." துணியை உதறினாள். "மாமா முன்னாலயா சொன்னிய?"

"ஆமா."

"அவருக்கும் கேட்டுதா?"

"கேட்டுது."

அவள் அப்படியே நின்றுவிட்டாள். "எனக்குச் சொல்லத் தெரியாமலா இத்தனை நாள் வாயைப் பொத்திக்கிட்டு இருந்தேன்? வீட்டில ஆரும் இல்லன்னு நெனச்சுக்கிட்டுக் கெடந்தாரு மனுஷன். பெத்த மகன் கேட்டும் வரல்லன்னு இந்த வயசில அவரு தெரிஞ்சுக்கிடணுமா?"

என் வெட்கத்தைத் தீர்த்துக்கொள்ளப் போன இடத்திலும் நான் என்னை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். அவளுக்கோ அவருடைய மனம் வேறு, தன் பேர் வேறு என்றே தோன்றவில்லை. அத்வைதம் என்ற சொல்லைச் சரியாக உச்சரிக்கக்கூட அவளுக்கு வராது.

"உன் பேரு கெட்டுக் கெடந்ததே..." என்றேன்.

"கெட்டதை ஆரு கெடுத்தது? விடுங்க." மடித்த துணியை என் கையில் திணித்தாள். "அடுத்த வாரம் கொண்டுவிடுகேன்னு மைனி சொல்லியிருக்கா. மாமாவே நம்ம வீட்டுக்குப் போணும்னு சொன்னாராம். குளியலறையில பிடிக்கிறதுக்குக் கம்பி வைக்கணும், தரைக்குச் சொரசொரப்பா ஓடு போடணும். ஆளுக்குச் சொல்லுவியளா, இல்ல அதுவும் தானா நடக்குமா?"

துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, அவள் பார்க்கவே பிளம்பருக்கு போன் செய்தேன். அந்தப் பக்கம் ஏதோ இயந்திரச் சத்தம். "ஆரா விளிக்குந்நது?" என்று கத்தினார், யார் கூப்பிடுவது என்று.

"ஞானா" என்றேன், நான்தான் என்று மலையாளத்தில். அவருக்குப் புரியவில்லை, மறுபடி கேட்டார். வலியசாலையில் இன்ன வீடு, வீட்டில் வயதான அப்பா இருக்கிறார், நான் அவர் மகன் என்று, அந்தச் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி சொன்னேன்.